வானத்தில் நமக்குரிய இடம்

(பதுளையில் தோட்டத் தொழிலாளரும், மரக்கறிச் செய்கையாளரும், ஆசிரியரும், மருத்துவரும், சட்டத்தரணிகளும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாட்சம்பளம் பற்றி நாம் பேசியிருக்கின்றோம். காணியுரிமை பற்றிப் பேசியிருக்கின்றோம். லயங்களின் ஒழுகும் கூரை பற்றிப் பேசியிருக்கின்றோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கூரைக்கும் மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென ஒரு செய்மதியை நம் நாடு நிறுத்தும்போது, அல்லது பிறர் நிறுத்திய செய்மதியில் வாடகைக்கு இடம் பெறும்போது, அது வானத்தில் எந்தப் பாகையில் நிற்க வேண்டும், அங்கிருந்து யாருக்காகப் பேச வேண்டும் என்பதே அப்பொருள்.

"கூரையே ஒழுகுகின்றது, வானத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்பார் உளர். அவர்கள் அந்தக் கூரையை ஒருமுறை உற்று நோக்கட்டும். பசறையிலும் நமுனுகுலையிலும், ஸ்பிரிங்வெலியிலும் தெமோதரையிலும், மடுல்சீமையிலும் லுணுகலையிலும், தகரம் துருப்பிடித்த லயக்கூரையின் மேலும் 'டிஷ்' பொருத்தப்பட்டிருக்கின்றது. உழைப்பாளி தன் குறைந்த வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி அதனை வாங்கியிருக்கின்றான். வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவனும் வானத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டிருக்கின்றான். ஆகவே வானத்தைப் பற்றிய பேச்சை நாம் தொடங்கவில்லை. நம் மக்கள் என்றோ தொடங்கிவிட்டார்கள். அந்த டிஷ்கள் எத்திசையை நோக்கியிருக்கின்றன, ஏன் அத்திசையை நோக்கியிருக்கின்றன என்பதை ஆராய்வதே நம் கடமை.

ஒரே வளையம், பல உரிமையாளர்

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, நாம் சொன்ன உயரத்தில், ஒரு செய்மதி பூமியைச் சுற்றிவர எடுக்கும் நேரமும், பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். ஆதலால் தரையிலிருந்து நோக்குவோர்க்கு அச்செய்மதி அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும். பிறகு அதனைத் தொட வேண்டியதில்லை. இவ்வாறு மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி பரப்பலாம் என்று 1945 ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956 முதல் 2008 இல் மறையும் வரை வாழ்ந்தது நமது இலங்கையில் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

இந்த வளையம் ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 736 கிலோமீற்றர் நீளம். இடம் நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒரே அலைவரிசையில் பேசும் இரு செய்மதிகள் மிக நெருங்கி நின்றால், கீழேயுள்ள சிறிய டிஷ் இரண்டின் பேச்சையும் ஒருங்கே வாங்கிக் குழம்பிவிடும். ஆகவே அவற்றுக்கிடையே இரண்டு மூன்று பாகையாவது விட வேண்டியுள்ளது. இதனால்தான் அந்த வளையம், வயலுக்கு நீர் விடும் ஒற்றை வாய்க்காலைப் போன்றதாயிற்று. முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் போதும். முந்தியவன் மறித்துக்கொண்டால் கடைமடைக்கு நீர் வராது.

1967 ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, விண்ணை எந்த நாடும் தன் உடைமையாக்கிக்கொள்ளல் ஆகாது என்று விதித்தது. 1976 டிசம்பரில் பொகோட்டா நகரில் கூடிய கொலம்பியா, கென்யா, இந்தோனேசியா முதலிய பூமத்திய ரேகை நாடுகள் எட்டு, தம் நிலத்துக்கு மேலுள்ள வளையப் பகுதி தமக்கே உரியது என்று பிரகடனம் செய்தன. வல்லரசுகள் அதனை ஏற்கவில்லை. எனினும் அக்குரலில் ஒரு நியாயம் இருந்தது. இன்று ஏவுகணை இல்லாத நாடு, நாளை ஏவும் வலிமை பெறும்போது, வளையத்தில் இடமே இல்லையென்றால் என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு ஒரு விடையாக, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1977 ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டில், ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா நாடுகளுக்கு ஒளிபரப்புச் செய்மதி இடங்கள் முன்கூட்டியே பங்கிடப்பட்டன. பெரிய நாடு, சிறிய நாடு, செல்வ நாடு, ஏழை நாடு என்று பாராது ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகையும் சில அலைவரிசைகளும் எழுதிவைக்கப்பட்டன. அந்தப் பங்கீட்டில் இலங்கைக்கு வாய்த்த இடம் 50 பாகை கிழக்கு. 2000 ஆம் ஆண்டு இஸ்தான்புல் மாநாடு அத்திட்டத்தைத் திருத்தி, நம் வட்டார நாடுகளுக்கான அலைவரிசைகளைப் பன்னிரண்டாக உயர்த்தியது. இன்றைய எண்முறை ஒளிபரப்பில் ஒவ்வோர் அலைவரிசையிலும் பல நிகழ்ச்சிச் சேவைகளை அடக்கலாம். சிங்களத்துக்கும் தமிழுக்கும், கல்விக்கும் கமத்தொழிலுக்கும், எச்சரிக்கைக்கும் வேண்டிய இடம் அதில் தாராளமாக உண்டு.

ஐம்பது பாகை ஏன்?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பதுளை நகரம் இருப்பது 81 பாகை கிழக்கில். அவ்வாறிருக்க நமக்கு 50 பாகையில், 31 பாகை மேற்கே தள்ளி இடம் கொடுத்தது ஏன்? தலைக்கு நேரே கொடுக்கக் கூடாதா?

காரணம் உண்டு, அறிந்துகொள்ளத்தக்க காரணம். செய்மதி சூரிய ஒளியிலிருந்தே மின்சாரம் பெறுகின்றது. ஆண்டில் இருமுறை, மார்ச் மாதத்தையும் செப்டெம்பர் மாதத்தையும் ஒட்டி, அது நள்ளிரவில் பூமியின் நிழலுக்குள் புகும். உச்சநாளில் 72 நிமிடம் வரை இருளில் இருக்கும். 1977 இல் இருந்த மின்கலங்கள், ஒளிபரப்பு வேண்டும் மின்சாரத்தை அந்நேரம் முழுவதும் தாங்குமென்று நம்ப முடியவில்லை. ஆகவே செய்மதியை நாட்டுக்கு மேற்கே நிறுத்தினார்கள். 50 பாகையில் நள்ளிரவு ஆகும்போது இலங்கையில் மணி இரண்டைத் தாண்டியிருக்கும். ஊர் உறங்கும் வேளையில் ஒளிபரப்பு நின்றால் யாருக்கு நட்டம் என்பது அவர்கள் கணக்கு. அன்றைக்கு அது சரியான கணக்கே.

ஆனால் இன்று மின்கலங்கள் வளர்ந்துவிட்டன. நிழலுக்குள் புகுந்தாலும் செய்மதி இடையறாது ஒளிபரப்புகின்றது. காரணம் மறைந்துவிட்டது, 50 பாகை என்ற எண் மட்டும் ஏட்டில் நிற்கின்றது. இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நமக்குத்தான் உண்டு. ஏனெனில் நாம் மழைநாட்டு மக்கள்.

வீடுகளுக்கு நேரே வரும் ஒளிபரப்பு பெரும்பாலும் மிகக் குறுகிய அலைகளில் வருகின்றது. அவ்வலைகளைச் சிறிய டிஷ்ஷில் பிடிக்கலாம்; ஆனால் கனமழை அவற்றை விழுங்கிவிடும். மழை பொழிந்து தள்ளும்போது படம் சதுரம் சதுரமாகச் சிதறி உறைவதை நீங்கள் அனைவரும் கண்டிருக்கின்றீர்கள். செய்மதி தலைக்கு நேரே நின்றால் அலை மழையைச் செங்குத்தாகக் கடக்கும்; சாய்ந்து நின்றால் சாய்வாக, நீண்ட தூரம் மழைக்குள் நனைந்து வரும். மழைப்படலத்தின் உயரம் 5 கிலோமீற்றர் என்று கொண்டு பதுளைக்குக் கணக்கிட்டால், 83 பாகையில் நிற்கும் செய்மதி அடிவானத்திலிருந்து 81 பாகை உயரத்தில் தெரியும். அதன் அலை மழைக்குள் வரும் தூரம் சுமார் 4.4 கிலோமீற்றர். 50 பாகையில் நிற்கும் செய்மதியோ 53 பாகை உயரத்திலேயே தெரியும். மழைக்குள் வரும் தூரம் 5.4 கிலோமீற்றர். கால் பங்குக்குச் சற்றுக் குறைந்த அளவு அதிக மழையை அது கடந்தாக வேண்டும். மழை குறைந்த நாட்டில் இது சிறிய வேறுபாடு. வடகீழ்ப் பருவக்காற்று நமுனுகுலை மலையில் மோதிப் பொழியும் ஊவாவில் இது பெரிய வேறுபாடு.

மலை மறைக்காத ஒளி

இதைச் சொல்லும்போது செய்மதியின் சிறப்பையும் சொல்லிவிட வேண்டும். தரையில் நாட்டிய கோபுரத்திலிருந்து வரும் தொலைக்காட்சி, நேர்கோட்டில் வருவது. பிதுருதாலகாலை உச்சியில் கோபுரம் இருந்தாலும், நடுவே ஒரு மலைமுடி நின்றால் அதன் பின்னாலுள்ள பள்ளத்தாக்கு இருளில்தான் இருக்கும். ஊவாவின் தோட்டங்கள் மலையின் மடிப்புகளுக்குள் அமைந்தவை. ஒரு டிவிசனில் தெளிவாகத் தெரியும் படம், அடுத்த டிவிசனில் புள்ளிமழையாகத் தெரியும். செய்மதியின் ஒளியோ மேலிருந்து வருவது. 53 பாகை உயரத்திலிருந்து வரும் அலையைத் தடுக்க, வீட்டுக்கு மேற்கே சுவர் போன்ற மலை நிற்க வேண்டும். அத்தகைய இடங்கள் சிலவே. ஆகவே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ செய்மதித் தொலைக்காட்சி ஒரு வசதி; மலையகத்தில் அது பல வீடுகளுக்கு ஒரே வழி.

அந்த ஒரே வழியில் இன்று யார் பேசுகின்றார்கள்? டிஷ்களின் திசையைப் பாருங்கள். ஒரு பகுதி ஏறத்தாழ நேர் மேற்கை நோக்கியிருக்கும். அவை இலங்கையில் உரிமம் பெற்ற டயலொக் தொலைக்காட்சிக்கு உரியவை; அது வருவது 45 பாகையிலிருந்து, 2018 செப்டெம்பரில் ஏவப்பட்டு அசர்பைஜானும் ஒரு பன்னாட்டு நிறுவனமும் பங்கிட்டுக்கொண்ட செய்மதியில் வாடகைக்குப் பெற்ற இடத்திலிருந்து. இன்னொரு பகுதி உச்சியையும் தென்கிழக்கையும் நோக்கியிருக்கும். அவை இந்தியச் சேவைகளுக்கு உரியவை. இந்தியா தன் ஒளிபரப்புச் செய்மதிகளை 83 பாகையிலும் 93.5 பாகையிலும் நிறுத்தியிருக்கின்றது. இந்தியாவுக்கெனப் பொழியும் ஒளியின் ஓரம், பாக்கு நீரிணையைக் கடந்து நம் மலைகளிலும் விழுகின்றது.

தமிழ்நாட்டுக் கலையும் செய்தியும் நமக்கு அந்நியமல்ல. அவற்றைக் காண்பதில் குற்றம் காண நாம் வரவில்லை. 1950களிலும் 60களிலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு மக்கள் ஆர்வத்தோடு கேட்டார்கள். அன்று இங்கிருந்து அங்கு சென்ற குரல், இன்று அங்கிருந்து இங்கு வருகின்றது. ஆனால் ஓர் உண்மையை மறக்கலாகாது. இந்திய நிறுவனங்களின் உரிமம் இந்திய எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாவது. அது தடைப்பட்டால் பணம் கட்டிய தோட்டத் தொழிலாளி முறையிட இங்கு ஓர் அலுவலகம் இல்லை. சென்னையின் வெப்பநிலையை அது சொல்லும். ஹப்புத்தளையின் மண்சரிவை அது சொல்லாது. கோயம்பேட்டுச் சந்தை விலையை அது சொல்லும். கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்தில் இன்று உருளைக்கிழங்கு என்ன விலை என்பதை வெலிமடைக் கமக்காரன் அதில் அறிய முடியாது.

இரவல் இடத்தின் நிலைமை

இரவல் இடம் எத்தன்மையது என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. 1975 ஆம் ஆண்டு அமெரிக்கா தனது ஏ.டி.எஸ். 6 என்னும் செய்மதியை 35 பாகை கிழக்குக்கு நகர்த்தி, இந்தியாவுக்கு ஓராண்டு இரவல் தந்தது. ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கமத்தொழில், சுகாதாரம், பள்ளிப் பாடம் ஆகியவை அக்கிராமங்களுக்கு நேரே சென்றன. கொழும்பில் கிளார்க்கின் இல்லத்தில் இந்திய விஞ்ஞானிகள் அமைத்துக்கொடுத்த பெரிய டிஷ்ஷிலும் அந்த ஒளிபரப்பு தெரிந்தது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றுவதற்கு நான்கு ஆண்டு முன்னர் நிகழ்ந்தது அது. 1976 ஜூலை 31 அன்று ஓராண்டு முடிந்தது. செய்மதி திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த ஒளிபரப்பு நின்றது.

இந்தியா அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. தனக்கென ஒரு செய்மதி வேண்டும் என்று உறுதிகொண்டது. 1982 இல் அனுப்பிய முதலாவது இன்சாட் சில மாதங்களில் செயலிழந்தது. தளராது 1983 இல் அடுத்ததை அனுப்பி 74 பாகையில் நிறுத்தியது. இன்று அது பிறருக்கும் இடம் கொடுக்கும் நிலையில் உள்ளது.

அந்நிலையிலும் பொறி பொறியே. 2010 ஜூலையில், 93.5 பாகையில் நின்ற இன்சாட் 4பி செய்மதியில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, அதன் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. அதனை நம்பியிருந்த தமிழ்ச் சேவை 91.5 பாகையில் நின்ற மலேசியச் செய்மதிக்கு மாற வேண்டியதாயிற்று. இரண்டு பாகை மாற்றம் என்பது, அறுபது சென்ரிமீற்றர் டிஷ்ஷின் விளிம்பில் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் அசைவு. ஆனால் அந்த இரண்டு சென்ரிமீற்றரை அறிந்து திருப்புவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவனுக்குக் கூலி வேண்டும். திருப்பும் வரை வீட்டில் படமில்லை. வானத்தில் ஒரு தீர்மானம் எடுக்கப்படும்போது கீழே எத்தனை வீடுகளின் கூரையில் ஏற வேண்டியிருக்கின்றது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நம் நாடு என்ன செய்தது? 2012 நவம்பர் 27 அன்று சீனாவின் ஷிச்சாங் தளத்திலிருந்து ஒரு செய்மதி ஏவப்பட்டது. அதற்கு இங்கே சுப்ரீம்சாட் 1 என்று பெயர் சூட்டி, இலங்கையின் முதற் செய்மதி என்று முழங்கினார்கள். அது சீனாவின் சைனாசாட் 12. இலங்கைத் தனியார் நிறுவனம் ஒன்று அதில் ஒரு பங்கைப் பெற்றிருந்தது. அது நிறுத்தப்பட்ட இடம் 87.5 பாகை. இலங்கைக்கென எழுதிவைக்கப்பட்ட 50 பாகையை நாம் அன்றும் பயன்படுத்தவில்லை. 2025 இலும் அதனைப் பற்றிய கேள்வியும் பதிலும் பாராளுமன்றத்தில் வாதப் பிரதிவாதமாயின. யாருடைய செய்மதி, யாருக்கு வருமானம் என்று அங்கே கேட்டார்கள்; கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் யாருடைய மொழியில் அது பேசும், எந்த மலைக்கு அதன் ஒளி சேரும் என்ற கேள்வியும் அதனோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டும்.

2017 மே 5 அன்று இந்தியா தெற்காசியச் செய்மதியை ஏவி 48 பாகையில் நிறுத்தியது. இலங்கையும் அதில் பங்காளி. பன்னிரண்டு அலைவாங்கிப் பரப்பிகள் கொண்ட அதில் நமக்கும் இடம் தருவதாகக் கூறப்பட்டது. நல்லெண்ணத்தை வரவேற்போம்; ஆனால் பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்கென அமைக்கப்பட்ட பொறி அது. 2029 ஐ நினைத்து இன்றே திட்டமிட வேண்டும்.

பங்களாதேஷின் கதையையும் கேளுங்கள். 2018 மே மாதம் அந்நாடு பங்கபந்து 1 என்னும் தன் சொந்தச் செய்மதியை ஏவியது. நிறுத்துவதற்கு வசதியான இடம் கிடைக்கவில்லை. ஒரு பன்னாட்டு அமைப்பிடமிருந்து 119.1 பாகையைப் பதினைந்து ஆண்டுக்கு 28 மில்லியன் டொலர் கொடுத்துப் பெற்றது. டாக்காவுக்கு அது 29 பாகை கிழக்கே உள்ளது. பொறியைச் சொந்தமாக வாங்கிய நாடும் நிற்குமிடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டிவந்தது. நமக்கோ இடம் உண்டு, பொறி இல்லை.

தரிசு கிடக்கும் இடம்

"இடம் ஏட்டில் இருக்கின்றதல்லவா? அது எங்கே போய்விடும்?" என்று ஆறுதல் கொள்வாரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. 1977 இன் பங்கீட்டில் எழுதப்பட்ட இடம், பயன்படுத்தவில்லை என்பதற்காக அழிக்கப்படுவதில்லை, அது உண்மை. ஆனால் பக்கத்திலுள்ள நாடுகளும் நிறுவனங்களும் புதிய இடங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, அறிவித்தல் நம் கைக்கு வரும். உரிய காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அவர்களின் ஒலி நம் அலைவரிசையின்மேல் சிறிது சிறிதாக ஏறும். இடம் பெயரளவில் இருக்கும். பயன்படுத்தப் போனால் இரைச்சல் மிகுந்திருக்கும். காணி உறுதி பெட்டியில் பத்திரமாயிருக்க, வேலி ஒவ்வோர் ஆண்டும் ஓரடி உள்ளே நகர்ந்துவந்த கதை நம்மில் சிலர் அறிந்ததே.

இவ்வாறு இடங்கள் நலிந்துபோன வளர்முக நாடுகள் பல, சர்வதேச மாநாடுகளில் விடாது வழக்காடின. அதன் பயனாக 2023 ஆம் ஆண்டு துபாயில் நடந்த மாநாட்டில் 41 நாடுகள், பயன்படுத்தத்தக்க புதிய இடங்களைப் பெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆபிரிக்க நாடுகள். கேட்டவனுக்குக் கிடைத்தது என்பதே இதன் பாடம். ஆகவே 50 பாகை மழைக்கு உகந்ததன்று எனின், நாமும் கேட்கலாம். தலைக்கு அண்மையில் இந்தியாவின் செய்மதிகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே இடம் பெறுதல் எளிதன்று. அயல்நாடுகளோடு பேச வேண்டும், ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டும். அதற்குரிய அறிஞர் குழு ஒன்று கொழும்பில் நிலையாக அமர்ந்திருக்க வேண்டும். அது கைகூடும் வரை, சாய்ந்த இடத்திலிருந்து வரும் ஒளியை மழையில் இழக்காதிருக்க எளிய வழியும் உண்டு. அறுபது சென்ரிமீற்றர் டிஷ்ஷுக்குப் பதிலாகத் தொண்ணூறு சென்ரிமீற்றர் டிஷ் வைத்தால், அது ஏந்தும் பரப்பு இரண்டேகால் மடங்காகும். எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை. எங்கே தேவை என்பதைச் சொல்கின்றோம்.

மழைக்கு முன் வரவேண்டிய சொல்

2014 ஒக்டோபர் 29 அன்று காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகக் கொடிய அடி விழுந்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வீதிகள் அறுந்தன, மின்சாரம் போயிற்று, தொலைபேசிக் கோபுரங்கள் மௌனமாயின. அந்த இரவுகளில் மலைமீதிருந்த மக்கள், அடுத்த டிவிசனில் என்ன நிகழ்ந்தது என்பதையும் அறிய முடியாதிருந்தார்கள்.

"தொலைபேசியிலேயே தொலைக்காட்சி வருகின்றதே, இனிச் செய்மதி எதற்கு?" என்று கேட்கும் படித்த நண்பர்களுக்கு அந்த இரவுகளே விடை. மலைச்சரிவில் நாட்டிய கோபுரம், மலையோடு சரியும். வளையத்தில் நிற்கும் செய்மதியைச் சூறாவளி தீண்டாது. ஸ்டார்லிங்க் என்னும் சேவை 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்திருக்கின்றது; ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பல்லாயிரம் சிறு செய்மதிகளின் வலை அது. அது பயனுடையதே, ஆனால் மாதக்கட்டணம் கட்ட வல்லார்க்கே உரியது. ஒளிபரப்புச் செய்மதியின் இயல்பு வேறு. ஒருவன் பெற்றாலும் இலட்சம் பேர் பெற்றாலும் அதற்குச் செலவு ஒன்றே. எல்லோருக்கும் ஒரே நொடியில் ஒரே சொல்லைச் சொல்ல வல்லது அது.

ஆயினும் மிகைப்படுத்திப் பேசுதல் நேர்மையன்று. மின்சாரம் போனால் வீட்டுத் தொலைக்காட்சியும் அணைந்துவிடும். பேய்மழையில் சிறிய டிஷ் செயலற்றுப்போகும். எச்சரிக்கை வந்தாலும் போய்த் தங்கப் பாதுகாப்பான இடம் இல்லையெனில், அது அச்சத்தை மட்டுமே தரும். மண்ணிலே வீடும் காணியும் தருவதற்கு மாற்றாக விண்ணிலே செய்மதியைக் காட்டுவாராயின், அதனை நாம் ஏற்கமாட்டோம். காணியும் வேண்டும், காணி சரியுமுன் சொல்லும் வாயும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது

தோழர்களே! இதுவரை கூறியவற்றிலிருந்து நான்கு கோரிக்கைகளை வகுத்துக்கொள்வோம்.

முதலாவது: 50 பாகையில் நாட்டுக்கு உரிய இடத்தின் இன்றைய நிலை என்ன, அயலார் விண்ணப்பங்களால் அது எவ்வளவு நலிந்திருக்கின்றது, நாம் எத்தனை மறுப்பு அனுப்பினோம் என்பவற்றைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு மும்மொழியிலும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அது நாட்டின் பொதுச் சொத்து. அதன் கணக்கை அறிய மக்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது: புதிய ஒளிபரப்புச் செய்மதிக்கு இடம் தேர்ந்தாலும், பிறர் செய்மதியில் வாடகைக்கு இடம் பெற்றாலும், கொழும்பின் கூரையிலிருந்து மட்டும் அளந்து பார்த்து முடிவு செய்தல் ஆகாது. பதுளையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் பருவமழைக் காலத்தில் அளந்து பார்த்த பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

மூன்றாவது: அச்செய்மதியின் ஒளிபரப்பில் மலையகத்துக்கெனத் தமிழில் ஒரு சேவை வேண்டும். காலையில் வானிலை, மாலையில் கெப்பெட்டிபொல, தம்புள்ளைச் சந்தைகளின் விலை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும், மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் வெளிவரும் அதே நிமிடத்தில் தமிழிலும். கட்டணம் கட்டத் தவறிய வீட்டிலும் இந்த ஒரு சேவை தெரிய வேண்டும்.

நான்காவது: ஒவ்வொரு தோட்ட டிவிசனிலும், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ, சூரிய மின்தகடும் மின்கலமும் இணைத்த ஒரு பொது அலைவாங்கி வைக்கப்பட வேண்டும். தொண்ணூறு சென்ரிமீற்றர் டிஷ் இங்கேதான் தேவை. ஐம்பது ஆண்டுக்கு முன் 2,400 இந்தியக் கிராமங்களில் செய்துகாட்டப்பட்டது, இன்று ஊவாவில் செய்ய இயலாததாகுமா?

இக்கோரிக்கைகளை எடுத்துச் செல்ல வேண்டியோர் யார்? இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகள் முதலாவது கோரிக்கையைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாளையே எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி திறந்திருக்கின்றது. பொறியியல் பயின்ற இளைஞர், தத்தம் தோட்டத்தில் எந்த டிவிசனில் எந்த மழையில் எத்தனை நேரம் படம் உறைகின்றது என்பதைக் குறித்துவைக்கலாம். ஒரு பருவத்தின் குறிப்பேடு, பத்து மேடைப் பேச்சுக்குச் சமம். ஆசிரியர்கள் என்ன பாடம் வேண்டும் என்பதையும், கமக்காரர் எந்நேரத்தில் விலை வேண்டும் என்பதையும் எழுதித் தரலாம்.

1924 இல் இருப்புப்பாதை பதுளையை வந்தடைந்தது. தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல வந்த பாதை அது. தேயிலை பறித்தவரைக் கேட்டு அதன் தடம் வகுக்கப்படவில்லை. எனினும் அதே பாதையில் ஏறி நம் பிள்ளைகள் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார்கள். இனி வானத்தில் வகுக்கப்படும் தடமாவது நம்மைக் கேட்டு வகுக்கப்படட்டும். கேளாமல் வகுப்பாராயின், கேட்கும்படி செய்வது நமது பொறுப்பு. நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, பெயரும் ஒப்பமும் இட்டு உரிய இடங்களுக்கு அனுப்பும்படி இவ்வவையை வேண்டி அமர்கின்றோம்.